சுழி பார்க்க வெட்டிய முடி

போன மாதம் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்று வார்த்தைகள் என் காதில் விழுந்தன. மருமகன் பைக்கிலிருந்து விழுந்து கையில் கட்டுப் போட்டிருந்தார். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் வீட்டுப் பெரியம்மா ஒருவர், பக்கத்தில் இருந்தவரிடம் தணிந்த குரலில், "எல்லாம் வந்த நேரம்" என்றார். என் மகள் அந்த வீட்டுக்கு வாழப்போய் இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. அவளும் அதைக் கேட்டாள். ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகுவதும் திறப்பதுமாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. மகள் போனில் "நல்லாருக்கேம்மா" என்றால் அந்தக் குரலையே திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அவள் சாதாரணமாகத்தான் பேசுகிறாள். அதுவே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

வந்த நேரம் என்றால் என்ன என்று நம் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நம் பக்கத்தில் வீட்டுக்குள் புதிதாக எது வந்தாலும் முதல் ஆறு மாதம் அதற்குச் சோதனைக் காலம்தான். மருமகளானாலும் சரி, மாடானாலும் சரி. நல்லது நடந்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். கெட்டது நடந்தால் கண்கள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பும்.

நான் அதை முதன்முதலாகப் பார்த்தது எண்பதுகளின் நடுவில், அருப்புக்கோட்டையில், எங்கள் வீட்டுக் குதிரைக்கு முடி வெட்டிய கோடையில். குதிரைக்குக்கூட முடி வெட்டுவார்களா என்று என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஒரே ஒருமுறை வெட்டினார்கள். அதுவும் பாதிக் குதிரைக்கு.

திருச்சுழி ரோட்டில் அப்பாவுக்குச் சோடாக் கம்பெனி இருந்தது. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்குப் பின்னால் ஓர் ஓட்டுக் கொட்டகை, ஒரு கேஸ் சிலிண்டர், கையால் சுற்றுகிற மிஷின் ஒன்று, பாட்டில் கழுவச் சிமெண்டுத் தொட்டி. அவ்வளவுதான். கோலி சோடாவும் பன்னீர் சோடாவும் போடுவோம். மிஷினுக்குள் பாட்டிலைத் தலைகீழாகச் சுற்றி நிறுத்தும்போது கோலிகள் கழுத்தில் வந்து அடைக்கும் "டப், டப்" சத்தம்தான் எனக்கு அலாரம். பள்ளிக்கூடத்தில் என் சீருடையிலிருந்து பன்னீர் வாசம் வருகிறது என்று பிள்ளைகள் என் பக்கத்தில் உட்காரப் போட்டி போடுவார்கள். அந்தக் கனத்த பச்சைப் பாட்டில் ஒன்றுகூட இப்போது எங்கள் யாரிடமும் இல்லை.

சோடாப் பெட்டிகளை வண்டியில் ஏற்றி ரோட்டோரக் கடைகளுக்குப் போடுவது சித்தப்பாவின் வேலை. அப்பாவின் ஒரே தம்பி. முதலில் மாட்டு வண்டிதான். வெயில் நாளில் சோடா நன்றாக ஓடும். ஆனால் மாடு ஓடாது. பந்தல்குடி போய்ச் சேர்வதற்குள் தாகம் எடுத்தவனெல்லாம் மோர் குடித்துவிட்டுப் போய்விடுகிறான் என்று அப்பா அலுத்துக்கொள்வார். அந்தத் தை மாதம் மாட்டைக் கொடுத்துவிட்டு ஒரு குதிரை வாங்கினார். அதே தையில் சித்தப்பாவுக்குக் கல்யாணமும் நடந்தது.

ஒரு வீட்டுக்குள் ஒரே மாதத்தில் இரண்டு வரவு. நான் இரண்டையும் சுற்றிச் சுற்றி வந்தேன். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும்.

குதிரை செவலை நிறம். குள்ளம். வயது அதிகம் என்று இப்போது தெரிகிறது. அப்போது அதன் முடி எல்லாவற்றையும் மறைத்திருந்தது. அப்படி ஒரு முடியை நான் எந்தக் குதிரையிலும் பார்த்ததில்லை. வயிற்றடியிலும் தாடையிலும் விரல் நீளத்துக்குத் தொங்கும். பனிக்கு வளர்ந்தது, வெயில் வந்தால் கொட்டிவிடும் என்று விற்றவர் சொல்லியிருந்தார். மாசி போய்ப் பங்குனியும் வந்தது. முடி கொட்டவில்லை. வெயிலில் நின்றால் குதிரை வியர்வை உப்புப் பூத்து வெள்ளையாகிவிடும். தெருப்பிள்ளைகள் அதற்குக் கரடிக் குதிரை என்று பேர் வைத்தார்கள். வயதான சில குதிரைகளுக்கு உடம்புக்குள் ஏதோ கோளாறினால் முடி கொட்டாமல் அப்படியே நிற்கும் என்று ரொம்ப காலம் கழித்து ஒரு கால்நடை மருத்துவர் எனக்குச் சொன்னார். அன்றைக்கு எங்கள் தெருவில் யாருக்கும் அது தெரியாது. எதையோ மறைக்கத்தான் முடியை வளரவிட்டு விற்றிருக்கிறான் என்றுதான் பேசினார்கள்.

சித்தி நரிக்குடிப் பக்கத்துக் கிராமம். விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண். நெடுநெடுவென்று உயரம், சித்தப்பாவைவிட ஓர் அங்குலம் அதிகம். அதுவே பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை. அதிகம் பேச மாட்டாள். கல்யாணச் சீராக ஒரு தையல் மிஷின் வந்திருந்தது. கூடவே கறுப்புப் பிடி போட்ட பெரிய கத்திரி ஒன்று. அதை வேறு யாரும் தொட விடமாட்டாள். காகிதம் வெட்டினால்கூட மொக்கையாகிவிடும் என்பாள். சாயங்காலம் வண்டி திரும்பியதும் குதிரைக்குத் தண்ணீர் காட்டுவதும் கொள்ளு வைப்பதும் அவள் வேலையாகிவிட்டது. அவள் கழுத்தைத் தடவினால் குதிரை தலையைச் சாய்த்துக் கொடுக்கும். பின்பக்கம் கை வைத்தால் மட்டும் ஒதுங்கிவிடும்.

சித்தப்பாவைப் பற்றிச் சொன்னால் எங்கள் தெருவில் எல்லாருமே நல்லபடியாகத்தான் சொல்வார்கள். அதிர்ந்து பேச மாட்டார். எனக்குத் தினமும் காராச்சேவு வாங்கி வருவார். வண்டி முகப்பில் சிவப்புக் குஞ்சம் வைத்த சாட்டை ஒன்று தொங்கும். அதை அவர் எடுத்து நான் பார்த்ததே இல்லை. குதிரையை அடிக்காமல் ஓட்டுகிற மனிதன் என்று அப்பாவுக்கு அதில் ஒரு பெருமை.

பங்குனியில் வரிசையாகக் கெட்டது நடந்தது. கிணறு வற்றியது. கேஸ் சிலிண்டர் ஒழுகி ஒரு சிலிண்டர் முழுக்க வீணானது. லாரியில் வந்து இறங்குகிற கலர் பாட்டில்களைக் கடைக்காரர்கள் ஐஸ் பெட்டிக்குள் அடுக்க ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் சோடாவில் பாதி பெட்டியோடு திரும்பி வந்தது. இன்றைக்கு யோசித்தால், எங்கள் கம்பெனி மூழ்கியதற்கு அந்த லாரி ஒன்றே போதும். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் லாரியைப் பார்த்துக் கைநீட்டவில்லை.

அத்தைதான் முதலில் சொன்னார். அப்பாவின் அக்கா, பக்கத்துத் தெருவில் வீடு. காலைக் காப்பி மட்டும் அங்கே, மற்றதெல்லாம் எங்கள் வீட்டில். "தைக்கு முன்னாடி இந்தக் கெணறு வத்துனதுண்டா?" என்று பொதுவாக முற்றத்தைப் பார்த்துக் கேட்பார். அம்மா அரிசி களைந்துகொண்டிருப்பாள். சித்தியின் மிஷின் சத்தம் ஒரு நொடி நின்று மறுபடியும் ஓடும்.

அப்புறம் விபத்து. பந்தல்குடி போகும் வழியில் தூத்துக்குடி லாரிகள் வருகிற ஒரு திருப்பத்தில் குதிரை மிரண்டு வண்டியைப் பள்ளத்தில் இறக்கிவிட்டது. பெட்டிகள் சரிந்து பாட்டில்கள் வெடித்த சத்தம் லாரி டயர் வெடித்தது போல இருந்ததாம். சித்தப்பாவுக்குக் கால் முறிந்தது. முட்டை வெள்ளைக்கரு தடவிக் கட்டுப் போட்டுக் கட்டிலில் கிடத்தினார்கள். குதிரைக்கு ஒரு கீறலும் இல்லை. ரோட்டோரமாக நின்று வெள்ளாடு மாதிரி வேலிக்கருவை நெற்றைத் தின்றுகொண்டிருந்தது என்றார்கள். அதுவும் ஒரு குற்றமாகச் சேர்ந்தது.

எப்படி நடந்தது என்று எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்று கேட்டார்கள். குதிரை சும்மா போய்க்கொண்டிருந்தது, திடீரென்று பாய்ந்தது என்றார் சித்தப்பா. கொஞ்ச நேரம் கழித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டே, "வண்டி கட்டும்போது இவ வெறுங்குடத்தோட எதிர வந்தா. அப்பவே மனசு சரியில்ல" என்றார்.

சித்தி கதவருகில் நின்றிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அம்மாவிடம் மட்டும், குடம் நிறைகுடம் என்று சொன்னாளாம். அம்மா அதை யாரிடமும் எடுத்துச் சொல்லவில்லை. நிறைகுடமோ வெறுங்குடமோ, கால் முறிந்து கிடக்கிறவர் சொல்வதை யார் மறுப்பது?

நரிக்குடி பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்பி, சித்தியின் அப்பாவை வரவழைத்தார்கள். ஒரு கட்டு முருங்கைக்காயோடு வந்து இறங்கினார். மெலிந்த மனிதர், காது ஓரத்தில் நரை. பெஞ்சில் உட்கார்ந்தார். அப்பா அவரிடம் மரியாதையாகத்தான் பேசினார். மனசு சரியில்லாத வீடு, தம்பிக்குக் கால் குணமாகட்டும், "கொஞ்ச நாளைக்குக் கூட்டிக்கிட்டுப் போயி வச்சிருங்க மாமா" என்றார்.

கொஞ்ச நாள் என்பதற்கு நம் பக்கத்தில் அளவு கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் தெருவிலேயே அப்படிக் கொஞ்ச நாளைக்குப் போன ஒரு பெண் இருந்தாள். அவள் கணவனுக்கு வேறு கல்யாணமாகி, அதில் பிறந்த பிள்ளை என்னோடுதான் படித்தது.

சித்தியின் அப்பாவுக்கும் அது தெரியும். தலைகுனிந்து ரொம்ப நேரம் துண்டின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். பிறகு கொட்டகைப் பக்கம் பார்த்தார்.

"குதிரையும் அதே தையிலதான வந்துச்சு? அதுக்குச் சுழி பாத்து வாங்குனீகளா?"

சுழி என்பது முடி சுழன்று விழும் இடம். மாடோ குதிரையோ வாங்குகிறவர்கள் பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் அதைத்தான் பார்ப்பார்கள். எந்த இடத்தில் சுழி இருந்தால் வீடு விளங்கும், எந்த இடத்தில் இருந்தால் விளங்காது என்று ஒவ்வொன்றுக்கும் பேரும் பலனும் உண்டு. அப்பா அவசரத்தில் வாங்கியிருந்தார். பார்த்திருந்தாலும் அந்த முடிக்காட்டுக்குள் என்ன தெரிந்திருக்கும்?

மறுநாள் மாட்டுத் தரகர் ஒருவர் வந்தார். சுழி பார்ப்பதில் நரிக்குடி முதல் வீரசோழன் சந்தை வரை அவரைக் கூப்பிடுவார்கள். குதிரையை இரண்டு சுற்றுச் சுற்றி வந்து உதட்டைப் பிதுக்கினார். "கம்பளியப் போத்திக்கிட்டு நிக்கிற ஆளுகிட்ட மச்சம் எங்கன்னு கேட்டா எப்படி மொதலாளி சொல்றது? முடிய எடுங்க. தோலப் பாத்தாச் சொல்லிருவேன்" என்றார். பிறகு அப்பாவும் அவரும் தெருமுனை டீக்கடைக்குப் போனார்கள். வெகு நேரம் கழித்துத்தான் திரும்பினார்கள். அங்கே என்ன பேசினார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அரிக்கிறது.

முடி மிஷினோடு நாவிதரைக் கூப்பிட்டார்கள். அவர் குதிரையைப் பார்த்தார். மிஷினைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "நாளைக்கு இதே மிஷினை உங்க தலையில வச்சா ஒத்துக்கிருவீகளா மொதலாளி?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அப்போதுதான் சித்தி உள்ளே போய்த் தன் கத்திரியை எடுத்து வந்தாள். அவள் ஊரில் ஆட்டுக்குப் புண் வந்தால் சுற்றிலும் முடியை ஒட்ட வெட்டிவிட்டு வேப்பெண்ணெய் போடுவது அவள் வேலையாம். நான் வெட்டுகிறேன் என்றாள். காகிதம்கூட வெட்ட விடாத கத்திரி. அவளுக்கு அன்று குதிரையின் உடம்பில் ஒரு கெட்ட சுழி கிடைத்தே ஆக வேண்டும். கிடைத்தால் அவள் இந்த வீட்டில் இருப்பாள். கிடைக்காவிட்டால் தன் அப்பாவோடு பஸ் ஏறுவாள். பத்து வயதில் எனக்கே அது புரிந்தது.

அத்தைக்கு அதைவிட நன்றாகப் புரிந்தது. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீ அவ கையவே பாத்துக்கிட்டு இரு. கத்திரி நுனியால எங்கனயும் வட்டம் கிட்டம் போடுறாளான்னு பாரு. போட்டா எங்கிட்ட வந்து சொல்லு." காவலுக்கு வைத்தால் பெருமைதானே. நான் ஒரு சோடாப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, குதிரைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். அத்தை கொட்டகை நிழலில் இருந்தார்.

சித்தி குதிரையைத் தூணில் கட்டி, முதலில் தேங்காய் நாரால் முழுக்கத் தேய்த்தாள். புழுதி எழுந்து எங்கள் மூவருக்கும் தும்மல் வந்தது. கழுத்தில்தான் கத்திரி முதலில் பட்டது. ஒரு வெட்டு வெட்டிவிட்டு நிறுத்தினாள். குதிரையின் காது பின்னால் மடிந்தது. அதன் கண்ணுக்கு முன்னால் கத்திரியை நீட்டித் திறந்து மூடிக் காட்டினாள், சத்தத்தைப் பழக்கினாள். மறுபடியும் வெட்டினாள். கத்திரியைத் தோலோடு படுக்க வைத்து, இரண்டு விரலால் முடியைத் தூக்கிப் பிடித்து, முடி விழும் திசையிலேயே போனாள். முதலில் படிக்கட்டு மாதிரி வந்தது. நான் சிரித்தேன். "மொத மொதல்ல ஒந்தலைக்கு வெட்டுனவுகளும் இப்படித்தான் வெட்டிருப்பாக" என்றாள். போகப்போகக் கை பழகிவிட்டது.

முடி கொத்துக் கொத்தாக விழுந்தது. மேலே செவலை, அடியில் சாம்பல். காற்று அதை முற்றம் முழுக்க உருட்டியது. கழுவி வைத்த பாட்டில்களில் ஒட்டியது. ஈரக் கோணியும் பழைய புளியும் கலந்த மாதிரி ஒரு வாடை. வெட்டிய இடத்தில் தோல் கறுப்பாக, சூடாக, மெல்லியதாக இருந்தது. ஈ உட்கார்ந்தால் அந்த இடம் மட்டும் துடிக்கும். உண்ணி கிடைத்தால் சித்தி நகத்தால் எடுத்துக் கல்லில் நசுக்குவாள். முதுகுக்கு வந்தபோது குதிரை கண்ணை மூடிக்கொண்டு உதட்டைத் தொங்கவிட்டது. அந்த வருஷம் அதன் தோலில் முதன்முதலாக அப்போதுதான் காற்றுப் பட்டிருக்கும். முன்பாதி புதுக் குதிரையாகவும் பின்பாதி கரடியாகவும் நின்றது. ஒரு சுழியும் கெட்டதாக இல்லை. நெற்றியில் ஒன்று, நெஞ்சில் ஒன்று. எல்லாக் குதிரைக்கும் இருக்கிறவை.

சித்தியின் உதடு காய்ந்திருந்தது. நேரம் ஆக ஆக அவள் வேகம் கூடியது. அத்தை காப்பி குடிக்க எழுந்து போனார்.

பின்பக்கம் வந்தபோது குதிரை ஒதுங்கியது. சித்தி அதட்டவில்லை. வயிற்றில் தோளைச் சாய்த்து நின்றபடியே மெதுவாக வெட்டினாள். வாலுக்கு மேலே, வலது பக்கத்தில், விரல்கள் நின்றன. முடியை விலக்கிப் பார்த்தாள். கட்டை விரலால் தடவினாள். அதைச் சுற்றி ஒட்ட வெட்டினாள். நானும் எட்டிப் பார்த்தேன். தோலில் சின்னச் சின்னப் பொட்டுகள். சில காய்ந்து வெள்ளையாகிவிட்டவை. சில பொருக்குக் கட்டியவை. ஒன்றிரண்டில் இன்னும் ஈரம் இருந்தது. வெட்ட வெட்ட வந்துகொண்டே இருந்தன. இடது பக்கமும் அப்படியே. வண்டியில் உட்கார்ந்தவன் கை எட்டுகிற தூரத்தில், வாலின் இருபுறமும், இரண்டு வரிசை.

சித்தி கத்திரியைக் கீழே வைத்தாள். கொட்டகை மூலைக்குப் போனாள். விபத்தன்று பொறுக்கி வந்த வண்டிச் சாமான்கள் அங்கே கிடந்தன. கோணிக்கு அடியிலிருந்து ஒரு குச்சியை எடுத்தாள். எனக்கு அதைத் தெரியும். மாட்டு வண்டிக் காலத்துத் தார்க்குச்சி. நுனியில் ஆணி வைத்தது. மாடுதான் போய்விட்டதே, அது எப்படிக் குதிரை வண்டியில் இருந்தது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. சித்தி அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரடி எடுத்து வைத்தாள். அவ்வளவுதான். குதிரை அதைப் பார்த்தது. கயிறு விறைத்தது, தூண் அதிர்ந்து ஓடு ஒன்று விழுந்தது. நான்கு காலும் நடுங்க, அது நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டது.

சித்தி குச்சியைக் கோணிக்கு அடியிலேயே வைத்தாள். குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அழுதாளா என்று பார்க்க முகம் தெரியவில்லை.

ஓடு விழுந்த சத்தத்தில் எல்லாரும் வந்துவிட்டார்கள். தரகர் குதிரையின் பின்னால் போய்க் குனிந்தார். ஒரு பொட்டின் மேல் விரல் வைத்தார், குதிரை துள்ளியது. அவர் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். அப்பா சித்தப்பா படுத்திருந்த அறையின் ஜன்னலைப் பார்த்தார். தரகர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"வாலுக்கு ரெண்டு பக்கமும் நெட்டுக்குப் போகுது பாருங்க. பாடைச் சுழி. பாடைக்கு ரெண்டு கம்பு மாதிரி. வச்சிருக்கிறவுகளப் படுக்க வச்சிரும். கால் முறிஞ்சதோட போச்சேன்னு கும்பிட்டுக்கங்க."

அப்பா பெருமூச்சு விட்டார். சித்தியின் அப்பாவும் கிட்டப் போய்ப் பார்த்தார். காலமெல்லாம் உழவு மாடு வைத்திருந்த சம்சாரி. ஆணி குத்திய இடம் எது, முடி சுழிந்த இடம் எது என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? அவர் தலையை ஆட்டினார். "ஆமா, சுழிதான்" என்றார். உள்ளேயிருந்து சித்தப்பா என்ன பார்த்தார்கள் என்று கேட்டார். அப்பா சொன்னார். "நான் அப்பவே நெனச்சேன்" என்றது சித்தப்பாவின் குரல்.

நான் என் கடமையைச் செய்ய அத்தையிடம் ஓடினேன். சித்தி வட்டம் ஒன்றும் போடவில்லை, அது சுழியும் இல்லை, தார்க்குச்சி குத்திய ஓட்டை என்று சொன்னேன். அத்தை என் வாயைப் பொத்தினார். "சுழின்னா ஓட்டை மாதிரித்தான் இருக்கும். ஒனக்கு என்ன தெரியும்?" என்றார். அவர் கை குளிர்ந்து போயிருந்தது. அவருக்குத் தெரியும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். அங்கே நின்ற எல்லாருக்குமே தெரியும். ஆனால் சுழி என்று வைத்துக்கொண்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை. மருமகள் தப்பித்தாள், தம்பி தப்பித்தார், அப்பாவின் பெருமையும் தப்பித்தது. குதிரை பேசாது.

எங்கள் வீட்டில் பிற்காலத்தில் இந்தக் கதையை வேறு மாதிரிதான் சொல்வார்கள். பாடைச் சுழிக் குதிரையை யாரும் வாங்க மாட்டார்கள் என்று அந்தத் தரகரே ஓட்டிக்கொண்டு போனதை, அவர் செய்த பெரிய உபகாரமாகச் சொல்வார்கள். சித்தியைப் பற்றிப் பேச்சு வந்தால், தோஷம் அவளுக்கு இல்லை என்று ஊரறியச் சொன்ன பிறகும் திமிரெடுத்துப் போனவள் என்பார்கள். நானும் அதைக் கேட்டே வளர்ந்தேன். அப்படித்தான் நினைத்தும் இருந்தேன். சித்தப்பா சித்தியின் மேல் கை ஓங்கி நான் பார்த்ததில்லை. வீட்டில் யாரும் பார்த்ததில்லை. அவர் குதிரையைக் குத்தியதையும்தான் யாரும் பார்த்ததில்லை.

அன்று மத்தியானம் வீடே தெளிந்துவிட்டது. அம்மா வடை சுட்டாள். அத்தை சித்தியின் அப்பாவுக்குத் தன் கையால் இலை போட்டுப் பரிமாறினார். மகளை விட்டுவிட்டுத் தான் மட்டும் சாயங்கால பஸ்ஸுக்குப் போவதாக அவர் சிரித்த முகத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார். முற்றத்தில் குதிரை பாதி முடியோடு நின்றது. சுழி கிடைத்துவிட்டது, மீதியை வெட்ட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

சித்தி கைகால் கழுவி, சேலை மாற்றி, தன் டிரங்குப் பெட்டியோடு கூடத்துக்கு வந்தாள். அதைப் பெஞ்சின் பக்கத்தில் வைத்தாள்.

வடைக் கரண்டியோடு அம்மாதான் முதலில் வந்தாள். "குதிரைக்குத்தான் தோஷம்னு ஆயிருச்சே தங்கச்சி. இனி ஒன்னைய யாரு என்ன சொல்லப் போறா? இப்பப் போயி எதுக்குப் பெட்டியத் தூக்குற?"

சித்தி அம்மாவைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"முடிய வெட்டுனது நான்தானக்கா" என்றாள்.

அம்மா கரண்டியோடு அடுப்படிக்குத் திரும்பினாள். அப்பா எழுந்துவிட்டார். அத்தை கன்னத்தில் கை வைத்தார். உள்ளே கட்டில் ஒருமுறை கிரீச்சிட்டு அடங்கியது.

சித்தியின் அப்பா பாதிச் சாப்பாட்டில் இருந்தார். "ஊருக்கு நான் என்னத்தா சொல்லுவேன்?" என்று கேட்டார். மிரட்டலாகக் கேட்கவில்லை, அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அவர் இலையை மூடினார். கை கழுவப் போகிறவர் போல முற்றத்துக்குப் போனார். தொட்டிக்குப் போகவில்லை, குதிரைக்குப் பின்னால் போய் நின்றார். காலையில் பார்த்த இடத்தை மறுபடியும் பார்த்தார். தலை மட்டும் மெல்ல அசைந்தது, எதையோ கணக்குப் பார்ப்பது மாதிரி. பிறகு கை கழுவினார். திரும்பி வந்து, துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தோளில் வைத்து, பெட்டியைத் தூக்கினார்.

அப்பா பின்னாலேயே போய்ச் சமாதானம் பேசினார். தையல் மிஷின் அப்புறம் வந்து சேரும், நாலு பேரை வைத்துப் பேசிக்கொள்ளலாம், இப்படி வெயிலில் போவது முறையில்லை என்றார். நான் வாசலில் நின்று பார்த்தேன். எதிர்ப்பக்கம்தான் பஸ் ஸ்டாப். ஒரு மரம்கூட இல்லாத இடம். நரிக்குடி பஸ் அன்று தாமதம். சித்தி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றாள். பெட்டியையாவது கீழே இறக்கி வையுங்கள் மாமா, உட்கார்ந்து பேசலாம் என்று அப்பா கடைசியாகச் சொன்னது எனக்குக் கேட்டது.

சித்தியின் அப்பாவுக்குக் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வியர்வை காதோரத்து நரையில் இறங்கியது. பஸ் வந்து நிற்கும்வரை அவர் பெட்டியை இறக்கவில்லை.